ஆயிரம் ரூபாய் டோஸ்டர் தேறுமா? கடையிலும் வீட்டிலும் சோதித்துப் பார்க்கும் வழி

எங்கள் வீட்டு முதல் டோஸ்டர் பதினோரு நாள் ஓடியது. அந்தப் பதினோரு நாளும் ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் வெள்ளையாகவும்தான் பிரெட்டைத் துப்பியது. பன்னிரண்டாம் நாள் கைப்பிடியை அழுத்தினால் கீழே நிற்கவே இல்லை. "கல்லுல போட்டா ரெண்டு நிமிசம், இதுக்குப் போயி ஆயிரத்து நூறு ரூபா குடுத்தியா" என்று அம்மா கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. வாங்கிய கடையிலோ, டப்பா பிரித்தாகிவிட்டது, இனி கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், அது ஓசூரில் இருக்கிறது என்று கைகழுவிவிட்டார்கள். நாங்கள் இருப்பது காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில். இங்கிருந்து பஸ் மாறி ஓசூர் போய், பொருளைக் கொடுத்து, மறுபடி ஒரு நாள் போய் வாங்கி வருவதற்கு ஆகும் செலவையும் லீவையும் கணக்குப் போட்டால் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்.

அதற்கப்புறம் எங்களுக்கு ஒன்று, தர்மபுரியில் இருக்கும் தங்கைக்கு ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று என்று மூன்று டோஸ்டர் வாங்கியாகிவிட்டது, மூன்றையும் சோதித்துத்தான் வைத்துக்கொண்டோம், நடுவில் ஒன்றைத் திருப்பியும் கொடுத்தோம். இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். டப்பாவில் அச்சடித்திருக்கும் வாட்டும், பிரெட் எவ்வளவு சிவக்க வேண்டும் என்று வைக்கிற ஏழு நிலைத் திருகும் எதையும் சொல்லாது. உங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட்டில், நீங்கள் வழக்கமாக வாங்கும் பிரெட்டைப் போட்டு, மூன்று முறை தொடர்ந்து ஓட்டிப் பார்த்தால்தான் அது தேறுமா தேறாதா என்று தெரியும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு டோஸ்டர் வேண்டுமா? வெண்ணெய் தடவி மொறுமொறுவென்று வேண்டும் என்றால் தோசைக்கல்லை அடிக்க எதுவும் இல்லை, இதை அம்மாவிடம் தோற்றுப்போய்ச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். டோஸ்டரின் லாபம் வேறு. காலையில் ஒரு அடுப்பில் சோறு, இன்னொன்றில் குழம்பு இருக்கும்போது, பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஹார்ன் அடிப்பதற்குள் யாரும் பக்கத்தில் நிற்காமல் இரண்டு துண்டு வாட்டித் தரும். வாரத்துக்கு மூன்று நாளாவது பிரெட் சாப்பிடும் வீடாக இருந்தால் வாங்கலாம். காய்ச்சல் வந்தால் மட்டும் பிரெட் வாங்கும் வீட்டில் அது பரண் ஏறிவிடும்.

சரி, கடைக்குப் போகிறீர்கள்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் எது சரக்கு எது சமாளிப்பு என்று பிடித்துவிடலாம். உள்ளே மைக்கா தகட்டின் மேல் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியைப் பட்டையாகச் சுற்றியிருப்பார்கள். கரண்ட் போனால் அது சிவந்து வாட்டும். கைப்பிடியை அழுத்தும்போது பிரெட் தட்டு ஸ்பிரிங்கை எதிர்த்துக் கீழே போகிறது, அங்கே ஒரு சின்ன மின்காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நேரம் முடிந்ததும் டைமர் காந்தத்துக்குப் போகும் கரண்ட்டை நிறுத்தும், தட்டு துள்ளி மேலே வரும். இன்று விற்கும் பெரும்பாலான மாடல்கள் இப்படித்தான். அதனால் பிளக் மாட்டாமல் அழுத்தினால் கைப்பிடி நிற்காது, அது பழுது இல்லை. தங்கை முதல் நாள் இதைப் பார்த்து "அண்ணா, இதுவும் போச்சு" என்று போன் பண்ணினாள்.

பிளக் மாட்டாமலே கடையில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கைப்பிடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலிருந்து உள்ளே பாருங்கள். பிரெட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் கம்பிச் சட்டங்கள் உள்நோக்கி நெருங்கி வந்து நடுவில் ஒரே அளவு இடம் விட வேண்டும். ஒரு சட்டம் வந்து, இன்னொன்று அசையாமல் இருந்தாலோ கோணலாக நின்றாலோ பிரெட் ஒரு பக்கமாகச் சாயும், சாய்ந்த பக்கம் கருகும். எங்கள் முதல் டோஸ்டரின் நோய் இதுதான், அழுத்திப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். அப்புறம் கம்பிச் சுற்றைப் பாருங்கள், செல்போன் டார்ச் அடித்தால் தெரியும். சுற்றுகள் தளர்ந்து தொங்கக்கூடாது, ஒன்றை ஒன்று தொடக்கூடாது. சூடு மேலே ஏறும் என்பதால் கீழ்ப்பக்கம் கொஞ்சம் நெருக்கமாகச் சுற்றியிருந்தால் நல்ல அடையாளம். லேசாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கலகலவென்றால் அந்தப் பீஸ் வேண்டாம், அடுத்த டப்பாவைக் கேளுங்கள்.

அடிப்பக்கம் தூள் தட்டு இருக்கிறதா, வெளியே இழுக்க வருகிறதா? இதை நான் சில்லறை விஷயம் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் நின்றுபோன அந்த டோஸ்டரைத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் பின்னால் திறந்து பார்த்தபோது, காந்தத்துக்கும் அது பிடிக்க வேண்டிய இரும்புத் தகட்டுக்கும் நடுவில் ஒரு பிரெட் பொருக்கு சிக்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். காந்தம் தகட்டை முழுசாகத் தொடவில்லை என்றால் பிடிக்காது. அந்த மாடலில் தட்டே கிடையாது, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்ட வேண்டும், தட்டும்போது தூள் எங்கே வேண்டுமானாலும் போகும். தூள் தங்கினால் எறும்பும் கரப்பானும் குடி வரும், ஒரு நாள் புகையும் வரும். இழுக்கும் தட்டு இல்லாத டோஸ்டரை நான் ஓசியில் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

வயரும் பிளக்கும். மூன்று முள் பிளக் இருக்க வேண்டும், இரண்டு முள் என்றால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வயர் மேடைக்கும் பிளக் பாயிண்டுக்கும் எட்டுமா என்று வீட்டில் அளந்துகொண்டு போங்கள், பலதில் ஒரு மீட்டர்கூட இருக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சிங்க் பக்கத்தில் இழுத்து வைப்பது வேண்டாத வேலை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் ஒரு லைசென்ஸ் எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று வந்துவிடும். எண் இல்லாத வெறும் முத்திரை வெறும் ஸ்டிக்கர்தான்.

கடைசியாக, பிளக் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மிக்சி வாங்கினால் ஓட்டிக் காட்டுகிறார்கள், டோஸ்டருக்கு மட்டும் ஏன் கூச்சம்? பிரெட் வேண்டாம், காலியாக அரை நிமிடம் போதும். நான்கு பக்கக் கம்பியும் ஒரே மாதிரிச் சிவக்க வேண்டும். ஒரு பக்கம் மங்கலாகவோ ஒரு மூலை கருப்பாகவோ நின்றால் அந்தப் பீஸ் அவ்வளவுதான். கேன்சல் பொத்தானை அழுத்தினால் உடனே துள்ள வேண்டும். "புதுப் பீஸைச் சூடு பண்ணினா அப்புறம் விக்க முடியாது சார்" என்று மறுத்தால், "அண்ணா, சரியா எரிஞ்சா நானேதான் எடுத்துக்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த கடை. ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சுகம் இல்லை, அதனால் டப்பா வந்த அன்றே, பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, இவ்வளவையும் வீட்டில் செய்துவிடுங்கள்.

இனி வீட்டுச் சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலில் ஜன்னலைத் திறந்துவைத்து, காலியாக, திருகை நடுவில் வைத்து இரண்டு முறை ஓட்டுங்கள். புதுக் கம்பியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் தூசும் எரிந்து நாற்றம் வரும், லேசான புகையும் வரலாம். மூன்றாவது முறையும் அதே நாற்றம், அதிலும் பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தால் நிறுத்திவிடுங்கள், அது திரும்பிப் போக வேண்டிய பொருள்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை, மீட்டர் சோதனை. டப்பாவில் 800 வாட் என்று போட்டிருக்கிறான், எங்கள் வீட்டில் அது எவ்வளவு எடுக்கிறது? வீட்டு முன்னால் இருக்கும் ஈ.பி. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்குமே, அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று எழுதியிருக்கும், எங்கள் மீட்டரில் 3200. ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டோஸ்டரை மட்டும் ஓட்டுங்கள். ஒரு ஆள் மீட்டர் முன்னால் நின்று சரியாக ஒரு நிமிடத்துக்கு எத்தனை மினுக்கு என்று எண்ண வேண்டும். 3200 மீட்டரில் எண்ணிக்கையை 18.75 ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும், 40 மினுக்கு என்றால் 750 வாட். 1600 மீட்டர் என்றால் 37.5 ஆல் பெருக்குங்கள்.

பையன்தான் எண்ணினான், ஏழாம் வகுப்பு, இதைவிடச் சுவாரசியமான வீட்டுப்பாடம் அவனுக்கு இதுவரை வந்ததில்லை. காலை ஏழு மணிக்கு 41, அதாவது சுமார் 770 வாட். பரவாயில்லை. அன்று சாயந்தரம் ஆறரைக்கு மறுபடி எண்ணச் சொன்னேன், 29. வெறும் 544 வாட். டோஸ்டர் அதேதான், கம்பி அதேதான். மாறியது வோல்டேஜ். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் எட்டிப் பார்த்தால் உள்ளே வருவது 190 காட்டுகிறது. எங்கள் டிரான்ஸ்பார்மரில் பக்கத்துத் தோட்டங்களின் போர் மோட்டார்களும் இருக்கின்றன, எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டினால் இப்படி இறங்கும். இங்கே ஒரு கணக்கு முக்கியம்: வோல்டேஜ் குறைந்தால் சூடு அதே அளவில் குறையாது, அதைவிட வேகமாகக் குறையும். 230க்குப் பதில் 190 வந்தால் வோல்டேஜில் குறைவது ஆறில் ஒரு பங்குதான், ஆனால் வாட் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் வாட் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. டைமருக்கு இதெல்லாம் தெரியாது, இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடத்தில் துள்ளிவிடும், பிரெட் சூடாக இருக்கும், நிறம் மட்டும் வராது.

அதனால் கிராமத்து லைனில் இருப்பவர்கள் வாட் குறைந்த மாடலைத் தேடாதீர்கள். 600 வாட் என்று போட்டது சாயந்தரத்தில் 400க்கு வந்துவிடும், அதில் பிரெட் சிவக்காமல் காயும், ரஸ்க் மாதிரி ஆகிவிடும். 750, 800 வாட் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில் பயம் வேண்டாம். 750 வாட் இரண்டு நிமிடம் ஓடினால் 25 வாட் மணி, 40 முறை ஓட்டினால்தான் ஒரு யூனிட். தினம் இரண்டு முறை ஓட்டினாலும் இரண்டு மாத பில்லில் மூன்று யூனிட். தர்மபுரி டவுனுக்குள் இருக்கும் தங்கை வீட்டில் காலையும் மாலையும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, அவளுக்கு இந்தத் தலைவலி இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் இதை ஓட்டிப் பார்க்காதீர்கள், அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்டது.

இப்போது பிரெட். கம்பெனி பாக்கெட் பிரெட்டை மட்டும் வைத்துச் சோதிப்பது பாதிச் சோதனைதான். நம் பக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை, தெருவுக்கு ஒரு அய்யங்கார் பேக்கரி போர்டு இருக்கிறது, அங்கே வாங்கும் மில்க் பிரெட் வேறு ஜாதி. அதில் சர்க்கரையும் பாலும் இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், உப்பு பிரெட்டுக்கு வைத்த அளவில் வைத்தால் கருகிவிடும். அன்றைக்குச் சுட்ட பிரெட்டில் ஈரம் அதிகம்; ஈரம் போன பிறகுதான் மேல்பரப்பு 140, 150 டிகிரிக்கு ஏறிப் பொன்னிறம் வரத் தொடங்கும், அதனால் நேற்றைய பிரெட்டைவிட இன்றைய பிரெட்டுக்கு நேரம் கூட எடுக்கும். கத்தியால் அறுத்த துண்டு தடிமனாக இருந்தால் துளையில் நுழைகிறதா என்றும் பாருங்கள். திணித்துத்தான் நுழைக்க வேண்டும் என்றால் வெளியே வரும்போது கண்டிப்பாகச் சிக்கும்.

ஆறு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே பாக்கெட்டிலிருந்து. திருகை நடுவில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று முறை, இடைவெளி விடாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் செல்போனில் நேரம் பாருங்கள். வந்த துண்டுகளை வந்த வரிசையிலேயே ஒரு பெரிய தட்டில் அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள், டியூப் லைட்டில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஒரே துண்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறமா? கொஞ்சம் வித்தியாசம் இந்த விலையில் இருக்கத்தான் செய்யும், இட்லி எல்லாம் ஒரே உயரமாகவா வருகிறது, ஆனால் ஒரு பக்கம் நிப்பட்டு நிறமும் மறுபக்கம் வேட்டி நிறமும் என்றால் வேண்டாம். இரண்டு, முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் எவ்வளவு தூரம்? முதல் சுற்றில் டோஸ்டர் குளிர்ந்திருக்கும், மூன்றாவதில் உடம்பெல்லாம் சூடு, அதே நேரம் ஓடினாலும் நிறம் கூடும். ஒரு படி கூடினால் சரி, திருகைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம். முதலாவது வெள்ளை, மூன்றாவது கருப்பு என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது உதவாது, கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குக் கரிதான் கிடைக்கும், அது யாராக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் திருப்பிக் கொடுத்தது இந்தச் சோதனையில்தான் விழுந்தது. மீட்டரில் பாஸ், கம்பி நன்றாகச் சிவந்தது, ஆனால் நேரம் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி. ஒரு முறை 1 நிமிடம் 50 விநாடி, அடுத்த முறை 2 நிமிடம் 40. திருகை யாரும் தொடவில்லை. டைமருக்கே சித்தம் கலங்கிவிட்டால் நாம் என்ன பழகிக்கொள்வது?

சின்னத் துண்டு ஒன்றையும் போட்டுப் பாருங்கள், பேக்கரி பிரெட்டின் ஓரத்துத் துண்டு மாதிரி. துள்ளி வந்தபின் விரலால் பிடித்து எடுக்கிற அளவுக்கு மேலே வருகிறதா? வராது என்றால் பிள்ளைகள் ஸ்பூனையோ ஃபோர்க்கையோ விட்டுத் தோண்டும். இது விளையாட்டில்லை. பல வீடுகளில் பிளக் பாயிண்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறி இருக்கும், அப்போது டோஸ்டர் அணைந்திருந்தாலும் உள்ளே கம்பியில் கரண்ட் நிற்கலாம். எடுக்க வேண்டும் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறவைத்து, மரக் குச்சியால் எடுங்கள். சில மாடல்களில் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கலாம், அந்த வசதி இருந்தால் ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்றும் ஒரு முறை தெரிந்துகொள்வது நல்லது. காலியாக ஓட்டி, டைமர் முடியும் சமயத்தில் கைப்பிடி மேலே வராமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், டக் என்ற சத்தம் கேட்டபின் ஐந்து எண்ணும் வரைதான், அதற்கு மேல் வேண்டாம். கம்பி மங்கத் தொடங்கினால் நல்லது. சிவப்பு குறையாமலே எரிந்தால், பிரெட் சிக்கினால் அது நிற்காமல் எரியும் என்று அர்த்தம். நான் அப்படிப்பட்டதை வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், அது ஓடும்போது சமையலறையை விட்டு நகரக்கூடாது. அப்படியானால் வாங்கியதே எதற்கு?

வெளி உடம்பில் உலோகப் பகுதி இருந்தால் ஓடும்போது டெஸ்டர் வைத்துப் பாருங்கள், வெளியே மட்டும், துளைக்குள் இல்லை. டெஸ்டர் எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் மூன்று துளை பாயிண்ட் இருக்கும், எர்த் வயர் மட்டும் இருக்காது. எர்த் சரியாக இருந்தும் எரிந்தால் கோளாறு டோஸ்டரில்தான். மூன்று சுற்று முடிந்த சூட்டில் பக்கத்தைத் தொட்டும் பாருங்கள், சுருக்கென்று கையை எடுக்க வைத்தால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

வெண்ணெய், நெய், சீஸ் எதையும் தடவி உள்ளே போட்டுச் சோதிக்க வேண்டாம், அது சொட்டிக் கம்பியில் விழுந்தால் தீப்பிடிக்கும். பன் போகாது. நேற்றைய சப்பாத்தியை மடித்துப் போட்டுப் பார்த்தேன், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இதெல்லாம் முடியும் வரை டப்பா, தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். பில்லில் மாடல் பெயர் எழுதியிருக்கிறதா, வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று அன்றே பாருங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று வாங்கும்போதே கேட்டு, பில்லின் பின்னாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்பதையும் அப்போதே கேளுங்கள். கருகிய துண்டையும் வெள்ளைத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ, நேரம் மாறுவதற்கு ஒரு வீடியோ இருந்தால் கடைக்காரரிடம் வாயால் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டாவது தடவை நான் தட்டோடு ஆறு துண்டையும் கொண்டுபோய் அவர் மேசை மேல் வைத்துவிட்டேன், புரட்டிப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் வேறு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அப்படியும் மசியாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கூப்பிடும்போது பில் கையில் இருக்கட்டும்.